மாளிகைக்குள் ஒரு பாம்பு

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூருக்கு நாம் குடிவந்தது 1968ஆம் ஆண்டில். அத்தாவுக்கு ரயில்வேயில் பணி. தஞ்சைப் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நமக்கு அப்போது வயது 9. இன்று அடுக்குமாடிகள் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த ஊர், அன்று ஏரியும் வயலும் பனைமரங்களுமாகக் கிடந்தது. இரவில் தாம்பரத்து மின்வண்டியின் ஓசை காற்றில் மிதந்து வரும். அது ஓய்ந்தால் தவளைகளின் கச்சேரி. தவளைகள் உள்ள இடத்தில் வேறு யார் இருப்பார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாள்களில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் என்னும், அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த இளைஞர் சேலையூரில் சிறியதாக ஒரு பாம்புப் பண்ணையை நடத்திவந்தார். 1972இல் அது கிண்டிக்கு இடம் மாறியது. சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் இன்று காணும் பாம்புப் பண்ணை அதுவே. கிண்டியை அறிந்தவர்களில் பலருக்குச் சேலையூர்க் கதை தெரியாது; நமக்கோ சேலையூர்தான் நினைவு. பள்ளி விட்டதும் பையைத் தோளில் மாட்டியபடி அங்கே ஓடுவோம். பாம்பு பிடிக்கும் இருளர்கள் வந்துபோவார்கள். அவர்கள் செய்கையில் வீராப்பு எதுவும் தெரியாது, அவசரமும் தெரியாது. முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, “தம்பி, காலைத் தட்டாதே. அதுக்குக் காது கிடையாது, தரைதான் அதுக்குச் சேதி சொல்லும்” என்றார். ஒரு சிறுவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பாம்புக்கு வெளிக்காது இல்லை என்பதும், தரையின் அதிர்வைத் தன் உடலால் அது உணர்கிறது என்பதும் பிற்பாடு நூல்களில் படித்துத் தெரிந்துகொண்ட செய்திகள்.

1974ஆம் ஆண்டு, ஐப்பசி. நம் ராத்தாவுக்கு அப்போது 17 வயது. திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மழை ஓயாத ஓர் இரவு. கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். நள்ளிரவுக்குப் பின் ராத்தா எழுந்து, “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா” என்றார். விளக்கேற்றிப் பார்த்ததில் வீக்கமில்லை, இரத்தமில்லை. சற்றுக் கழித்து வயிற்றை வலிக்கிறது என்றார். இரவு உண்ட மீன்குழம்பின்மேல் பழியைப் போட்டுச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார் அம்மா. விடியும் தறுவாயில் ராத்தாவின் இமைகள் தாமாகவே சரிந்தன. உறக்கம் வருகிறது போலும், உறங்கட்டும் என்று விட்டுவிட்டோம். பேச்சுக் குழறிய பின்னர்தான் அத்தாவுக்கு நெஞ்சில் திக்கென்றது. விஷக்கடி வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வேப்பிலையை மெல்லச் சொன்னார். கசக்கிறதா என்றதற்கு ராத்தா தலையசைத்தார். கசப்புத் தெரிந்தால் நஞ்சில்லை என்பது அவர் கொண்டிருந்த கணக்கு. அந்தக் கணக்கிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. வீடு திரும்பிப் பாயைச் சுருட்டியபோது அதனடியில் கட்டுவிரியன் கிடந்தது.

கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் வலிக்காது. உறங்குகிறவரை எழுப்பக்கூட எழுப்பாது. அதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது; முதலில் இமை சரியும், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள். நஞ்சுமுறி மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. இத்தனையும் நாம் படித்தறிந்தது ராத்தாவை அடக்கம் செய்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர்.

அன்றிலிருந்து வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கிற்கம்பு நிரந்தரமாக இடம் பிடித்தது. அத்தா கண்ட பாம்பையெல்லாம் அடித்தார். அவற்றில் பெரும்பாலானவை எலி தின்னும் சாரைகளும் தவளை பிடிக்கும் தண்ணீர்ப் பாம்புகளுமே. நஞ்சுடைய நான்கு இனங்களை, அதாவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை, மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கும் மனநிலையில் அவர் இல்லை. அடித்ததன் இணை பழிவாங்க வரும் என்று அம்மா அஞ்சுவார். அதற்காக, செத்த பாம்பின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிடுவது வழக்கம். பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய்! அடுப்புக்குப் போதாத மாதத்திலும் அதற்கென்று ஒரு புட்டியில் எடுத்து வைத்திருப்பார் அத்தா.

அத்தா மறைந்தார். 1998இல் நாம் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டினோம். அம்மா உடன் வந்தார், கம்பும் வந்தது. விலை மலிவாயிருந்ததன் காரணத்தை, அடையாற்றின் போக்கைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் வாங்கிய பலரையும் போல நாமும் 17 ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். இந்தப் பகுதியே இத்தகையதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில், பெருங்களத்தூரிலிருந்து நெடுங்குன்றம் செல்லும் சாலையை இரவில் ஒரு முதலை நிதானமாகக் கடந்து போனதை நாடே கைப்பேசியில் பார்த்து வியந்தது. நெடுங்குன்றத்து ஏரியில் முதலைகள் உண்டு என்பது சுற்றுவட்டாரத்தாருக்குப் பழைய செய்தி.

இனி, மாளிகையின் கதைக்கு வருவோம். நம் இளைய மகன் 1996இல் பிறந்தவன். 2015 கோடை விடுமுறையில், பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தான். இரவெல்லாம் அவன் அறையிலிருந்து முனகலும் கதவு கிரீச்சிடும் ஓசையும் வரும். ஒருநாள் கண்டிக்கும் எண்ணத்துடன் உள்ளே போனோம். கணிப்பொறித் திரையில் பாழடைந்த மாளிகை ஒன்று. அதன் தாழ்வாரத்தில் கையில் துப்பாக்கியுடன் ஒரு பெண் தனியே நின்றாள். “இதில் என்னடா இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தோம். அமர்ந்ததுதான் பிழை, விடியற்காலைத் தொழுகைக்கு அழைப்பு வந்தபோதே எழுந்தோம்.

ஜப்பானின் ஒசாகா நகரத்து காப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ என்னும் ஆட்டம் அது. சொந்த நாட்டில் அதன் பெயர் ‘பயோஹசார்ட்’. ஷின்ஜி மிகாமி என்பவர் தலைமையில் உருவானது. ‘சர்வைவல் ஹாரர்’, அதாவது திகிலுக்கு நடுவே உயிர் பிழைத்து வெளியேறும் ஆட்டம் என்று ஒரு தனி வகைக்கே பெயர் நிலைக்கக் காரணமானது. அதே நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ அதற்கு முன்னோடி. 2002இல் புதிதாக வரைந்து செய்து, 2015இல் மீண்டும் மெருகேற்றி வெளியிட்ட வடிவத்தை மகன் ஆடிக்கொண்டிருந்தான். தான் பிறந்த ஆண்டே அந்த ஆட்டமும் பிறந்தது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

நாம் எதிர்பார்த்தது சுட்டுத் தள்ளும் ஆட்டத்தை. அதுவோ வேறு மாதிரி. ஜில் என்னும் அந்தப் பெண் ஒரே வேளையில் 8 பொருள்களையே சுமக்க முடியும். கிறிஸ் என்பவனைத் தேர்ந்தெடுத்தால் 6. தோட்டாக்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆடியவரை பதிந்து வைக்க வேண்டுமானால் தட்டச்சுப் பொறி இருக்கும் அறையைத் தேட வேண்டும். அதற்குரிய மை நாடாவும் கையில் இருக்க வேண்டும். அந்த நாடாவுக்கும் பஞ்சம். எதிரே வரும் நடைப்பிணங்களை எல்லாம் சுட்டுக்கொண்டிருந்தால் பாதி மாளிகையைப் பார்ப்பதற்குள் கை வெறுங்கையாகிவிடும். “பிறகு எப்படியடா பிழைப்பது?” என்றோம். “சுற்றிக்கொண்டு ஓடிவிட வேண்டும் அத்தா. அதற்கு வேகம் கிடையாது. இடம் அகலமாக இருந்தால் அதைத் தொடவே வேண்டியதில்லை” என்றான். காட்சி எப்போதும் ஒரு மூலையிலிருந்தே தெரிவதால், உயிரினம் கண்ணில் படுமுன் அதன் முனகல் காதில் விழும். அதைக் கேட்டு நின்று, எந்தப் பக்கம் இருக்கிறது என்று தீர்மானித்துக் கால் எடுத்து வைக்கிறவனே தப்புகிறான். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் ‘லிக்கர்’ என்றொரு பிராணி. நீண்ட நாக்கு, கண் கிடையாது, செவி மட்டும் கூர்மை. அதன் பக்கத்தில் ஓடினால் மரணம்; மெல்ல நடந்தால் வழி விடும். இதைக் கேட்டதும் சேலையூர் முதியவரின் சொல் நமக்குக் கேட்டது.

நம்மை இன்னும் துணுக்குறச் செய்தது வேறொன்று. 2002ஆம் ஆண்டு வடிவத்தில், சுட்டு வீழ்த்திய நடைப்பிணத்தின் தலை சிதையாமல் இருந்தால் அதை எரித்தாக வேண்டும். எரிக்காமல் விட்டால் சற்றுக் காலம் கழித்து அது சிவந்த தலையும் கூரிய நகமுமாக எழுந்து, முன்னிலும் பன்மடங்கு வேகத்தில் துரத்தி வரும். எரிப்பதற்கு வேண்டியது தீப்பற்றியும் மண்ணெண்ணெயும்! மண்ணெண்ணெயும் அளவோடுதான். ஆகவே கொல்லலாமா என்பதைவிட, கொன்றால் எரிக்க எண்ணெய் இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால் உயிரோடு விட்டுச் சுற்றிப் போவதே நலம். அத்தாவின் புட்டியை நினைத்துக்கொண்டோம். ஒசாகாவில் உட்கார்ந்து இந்த விதியை வகுத்தவர்களுக்குச் சேலையூரில் பாம்பு எரித்த ஒரு ரயில்வே ஊழியரைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு மூன்று இரவுகள் கழிந்தன. மாளிகையின் மேல்தளத்தில் ரிச்சர்ட் என்னும் காவல் வீரன் குருதி வழியச் சாய்ந்து கிடப்பதை ஜில் காண்கிறாள். மச்சில் உள்ள பெரும்பாம்பு அவனைக் கடித்திருக்கிறது. நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது. நஞ்சுமுறி மருந்து கீழ்த்தளத்தில், மாளிகையின் மறுகோடியில், ஓர் அறையில் இருக்கிறது. போய் எடுத்துவர வேண்டும். காலந்தாழ்ந்தால் அவன் இறந்துவிடுவான். எவ்வளவு நேரம் என்று திரையில் எந்தக் கடிகாரமும் காட்டாது.

மகன் நிதானமாகவே ஆடினான். வழியில் ஒரு கதவு. திறந்து பார்க்கலாமா என்று நின்றான். “என்னடா நிற்கிறாய்? ஓடு!” என்றோம். நம் குரல் நமக்கே அந்நியமாயிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். “இது ஆட்டம்தானே அத்தா” என்றான். பிறகு நம் முகத்தில் என்ன கண்டானோ, பேசாமல் ஓடினான். தாழ்வாரத்தில் இரண்டு நடைப்பிணங்கள், ஒன்றையும் சுடவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான். ரிச்சர்டுக்கு உயிர் இருந்தது. நாம் எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். ராத்தா ஒருவர் நமக்கு இருந்தார் என்பது மகனுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்றிரவு திண்ணையில் அவனிடம் அதைச் சொன்னோம். வேப்பிலையைச் சொல்லும்போது குரல் வரவில்லை.

மறுநாள் அவன் நமக்கு ஒன்றைக் காட்டினான். மச்சில் அந்தப் பெரும்பாம்பைக் கொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு, அதன் வளைவைச் சுற்றி வந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடலாம். நாம் வாய் திறக்காமல் பார்த்திருந்தோம்.

மாளிகையின் அறையில் மருந்துப் புட்டி எப்படி வந்தது என்று ஆட்டம் சொல்வதில்லை. நம் நாட்டில் அது வரும் வழி நமக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. பாம்பின் தோலுக்காகப் பிடித்து விற்றுப் பிழைத்த இருளர்களுக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் பிழைப்பை இல்லாமற் செய்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது இயங்கிவந்தது. அந்த நான்கு இனங்களையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரங்கள் பானைகளில் வைத்திருந்து, நஞ்சை எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பிரிப்பதே நஞ்சுமுறி மருந்து. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் இவர்களை அழைத்துச் சென்றார்கள். செய்தியைப் படித்தபோது நம் சேலையூர் முதியவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு யாரும் விருது கொடுத்திருக்க மாட்டார்கள்.

இத்தனை இருந்தும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கடிபட்டவரை ஆட்டாமல் அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; கீறுவதும் இறுகக் கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மருத்துவமனைகள் இனி ஒவ்வொரு கடியையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ராத்தா எந்தக் கணக்கிலும் இல்லை.

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு. மறுநாள் காலைவரையிலான ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. என்று பிறகு அறிந்தோம். நவம்பரில் ஏற்கனவே ஒருமுறை தெருவில் தண்ணீர் நின்று வடிந்திருந்ததால், இம்முறையும் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். மின்சாரம் போயிற்று. அடையாறு கரைமீறி வந்தது. அம்மாவையும் மனைவியையும் மாடி அறைக்கு அனுப்பிவிட்டு, அரிசி மூட்டையையும் பத்திரப் பெட்டியையும் எடுக்க நாமும் மகனும் கீழே நின்றோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாடிப்படியை நோக்கித் திரும்பினோம். மகன் கைப்பேசியின் விளக்கைப் படியில் அடித்தான். ஐந்தாம் படியில், சுவரோரமாக, கறுத்துப் பளபளக்கும் உடலும் அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கட்டுகளும் தெரிந்தன.

கம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை தானாகவே அதைப் பற்றியது. 41 ஆண்டுகள் அந்தக் கைக்குள் இருந்தன. படி குறுகியது; விளக்கோ ஆடிக்கொண்டிருந்தது; ஓங்கினால் சுவரில் இடிக்கும்; தவறினால் அது நாம் நிற்கும் தண்ணீரில் விழும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் நின்றோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. “அத்தா” என்றான் மகன், தாழ்ந்த குரலில். “பின்வாசல்.”

வீட்டின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறும் இரும்பு ஏணி ஒன்று மொட்டைமாடிவரை உண்டு. அவன் மாடியை நோக்கிக் குரல் கொடுத்தான்: “அம்மா, படிக்கதவைச் சாத்துங்க. அடியிலே இடுக்கு இல்லாம துணியை வைச்சு அடைங்க. அப்புறம் மொட்டைமாடிக் கதவைத் திறந்து வைங்க.” நாம் தண்ணீருக்குள் காலைத் தூக்காமல் இழுத்து இழுத்துப் பின்னோக்கி நடந்தோம். அரிசி மூட்டை கீழேயே நின்றுவிட்டது. கொட்டும் மழையில், 56 வயதில், பத்திரப் பெட்டியை மகன் முதுகில் கட்டிவிட்டு அந்த ஏணியில் ஏறியதை இன்று நினைத்தாலும் முழங்கால் நடுங்குகிறது. மகன் கீழிருந்து நம் குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துவிட்டான்.

மாடி அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நம் உடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். பிறகு கதவின் அடியில் திணித்திருந்த துணியைப் பார்த்தார். ஒரு நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாம்பு?” என்றார்.

“சாரைம்மா” என்றோம்.

மகன் சன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா, “சாரைதானா, அடிக்கலையே?” என்றார். இல்லை என்றோம். “பாவம், அதுக்கும் எங்கே போறதுன்னு தெரியாது” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தண்ணீர் வடிய மூன்று நாள்கள் ஆயின. படியில் எதுவும் இல்லை. 2019இல் அம்மா காலமாகும்வரை அது சாரையாகவே இருந்தது.